வேலிக்கால் எந்த மரத்தில் போடுவது?

9 பிப்ரவரி 2021 (கேள்வி)

தாராபுரம் பக்கம் 3 ஏக்கர், சரளை மண். ஆடு மாடு நுழையாமல் சுற்றிலும் முள்கம்பி போட வேண்டும். கல்லுக்கால் விசாரித்தேன், கட்டுப்படியாகவில்லை. சிமெண்ட் கால் மனசுக்குப் பிடிக்கவில்லை. மரக்கடைக்காரர் தைலமரம் 5 வருஷம், கருவேலம் 15 வருஷம் என்று கணக்குச் சொல்கிறார். கருவேலமே வாங்கிவிடலாமா?

9 பிப்ரவரி 2021, இரவு (பதில்)

மரத்தின் பேரைக் கேட்டு வாங்காதீர்கள். வெட்டுமுகத்தைப் பார்த்து வாங்குங்கள்.

2009-ல் நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் 60 கருவேலங்கால் இறக்கினேன். 7 அடி நீளம், மணிக்கட்டைவிடக் கொஞ்சம் பருமன். 2012 ஆடிக் காற்றில் மேற்குப் பக்கம் கம்பி கழன்று தரையில் கிடந்தது. கால் ஒன்றுகூட விழவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் யூ ஆணி அடித்த இடத்தில் மரமே இல்லை. பட்டையை விரலால் தட்டினேன், பொலபொலவென்று மண் கொட்டியது. வெளுப்பு முழுவதையும் கரையான் தின்றுவிட்டு அந்த இடத்தை மண்ணால் பூசி வைத்திருந்தது. உள்ளே மண்வெட்டிக் காம்பு பருமனுக்குச் சிவந்த வைரம் மட்டும் நின்றது. அதைக் கரையான் தொடவில்லை. ஆனால் ஆணி பிடித்திருந்தது வெளுப்பை.

ஆக, கடைக்காரர் சொன்ன 15 வருஷம் பொய் இல்லை. அது வைரத்துக்கான வயசு. உங்களிடம் விற்பது வெளுப்பு.

10 பிப்ரவரி 2021

வைரம், வெளுப்பு என்றால் என்ன என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். உயிரோடு நிற்கும் மரம் தண்ணீர் ஏற்றுவது வெளிப்பக்கத்து வெளிறிய பகுதியில். மாவுச்சத்து தங்குவதும் அங்கேதான். அதனால் வண்டுக்கும் கரையானுக்கும் அது சோறு. மரத்துக்கு வயசாக ஆக நடுப்பகுதி வேலையை நிறுத்திவிடும். பிசினும் துவர்ப்பும் அங்கே இறங்கி நிறம் கறுக்கும். எங்கள் பக்கத்தில் ‘சேகு ஏறிய மரம்’ என்பது அதைத்தான். எந்த மரமானாலும் வெளுப்பு மண்ணில் நிற்காது. தேக்கு வெளுப்பும் நிற்காது, கருவேல வெளுப்பும் நிற்காது.

கடையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். உருண்டைக் கால் வேண்டாம். வயசான பெரிய அடிமரத்தை நாலாகவோ ஆறாகவோ பிளந்து தரச் சொல்லுங்கள். பிளந்த துண்டில் முக்கால்வாசி வைரம் இருக்கும். ஓரத்து வெளுப்பை ஆசாரி வாச்சியால் ஒரு மணி நேரத்தில் இருபது காலுக்குச் சீவிவிடுவார். கோணல்மாணலாக இருக்கும், இருக்கட்டும்.

14 பிப்ரவரி 2021

மேலே சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டேன், அதுதான் பெரிய விஷயம். அந்த 60 காலில் மிச்சம் நின்றவற்றை 2016-ல் பிடுங்கினேன். ஒவ்வொன்றையும் திண்ணையில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். அடிமுனை, அதாவது ஒன்றரை அடிக்குக் கீழே இருந்தது, புதிதாக வெட்டியது மாதிரி இருந்தது. நகத்தால் கீறினால் கருவேல வாசம்கூட வந்தது. மண்ணுக்கு மேலே இருந்தது வெயிலில் சாம்பல் நிறமாகிக் கல் மாதிரி இறுகியிருந்தது. இடையில் ஒரு சாண், மண் மட்டத்துக்கு மேலே நாலு விரல், கீழே ஆறு விரல், அந்த இடம் மட்டும் இடுப்பு ஒடுங்கிக் கிடந்தது.

மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மேலே காற்று உண்டு, ஈரம் நிற்காது. இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் அந்த ஒரு சாண். கால் எத்தனை வருஷம் நிற்கும் என்பதை அந்த ஒரு சாண் தீர்மானிக்கிறது. மற்ற ஆறடியும் அதற்குத் துணை.

14 பிப்ரவரி 2021, மாலை

“அப்படியென்றால் அந்த ஒரு சாணுக்குச் சிமெண்ட் பூசிவிட்டால்?” வேண்டாம். நான் 8 காலுக்குக் காரை போட்டுப் பார்த்தேன். மரம் காய்ந்து சுருங்கும், காரை சுருங்காது. நடுவே நூல் இழை அளவுக்கு இடைவெளி விழுகிறது. மழைத் தண்ணீர் அதில் இறங்கிக் கிண்ணத்தில் நிற்கிற மாதிரி நிற்கிறது. அந்த எட்டும் மற்றவற்றுக்கு முன்னாலேயே போய்விட்டன.

குழிக்கு அடியில் ஒரு சட்டி சரளை, சுற்றிலும் மண்ணும் பொடிக்கல்லும் போட்டுக் கடப்பாரையால் நன்றாக இடித்து இறுக்குங்கள். மேலே காலை ஒட்டி மண்ணைக் குவித்து வெளிப்பக்கம் வாட்டம் கொடுங்கள். மழை முடிந்து கால் அசைந்து பள்ளம் விழுந்திருந்தால் திரும்பக் குவியுங்கள். இதற்குக் காசு கிடையாது.

2 மார்ச் 2021

கழிவு ஆயில் பூசலாமா என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது. நானும் பூசியிருக்கிறேன். மேல்தோலைத் தாண்டி உள்ளே போகவில்லை. மூன்றாம் மழையில் நிறமே இல்லை. பூசியதும் பூசாததும் ஒரே வருஷத்தில் சாய்ந்தன. நடுவே அந்த எண்ணெய் மண்ணில் இறங்கிய இடத்தில் இரண்டு வருஷம் புல் முளைக்கவில்லை. கிணற்றுப் பக்கம் யாரும் அதைச் செய்ய வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

அடியைத் தீயில் கரிக்குவது அப்பா சொன்ன வழி. வேலங்காலை வைக்கோல் தீயில் புரட்டிக் கரியாக்கி நடுவார். கரியைக் கரையான் தின்னாது என்பது சரி. ஆனால் சூட்டில் மரம் வெடிக்கிறது. வெடிப்பு வழியாக ஈரமும் கரையானும் கரியைத் தாண்டி உள்ளே போகின்றன. அப்பா நட்ட கால்கள் நின்றதற்குக் காரணம் கரி என்று ரொம்ப நாள் நம்பினேன். இப்போது யோசித்தால், அவர் நட்டவை எல்லாமே தொடை பருமன் கிழட்டு மரங்கள்.

3 மார்ச் 2021

போராக்ஸ் கரைசல்: வீட்டுக்குள் இருக்கிற மரத்துக்கு நல்லது. மண்ணில் நிற்கிற காலுக்கு வீண். தண்ணீரில் கரைந்து ஏறியது தண்ணீரிலேயே கரைந்து போய்விடும்.

21 ஏப்ரல் 2021

டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கு ஒரு சோதனை வெகுகாலமாக நடக்கிறது. பேரே ‘சுடுகாட்டுச் சோதனை’ என்று சொல்லலாம். 2 அங்குலச் சதுரம், 2 அடி நீளம் உள்ள வைரக் கட்டைகளைக் கரையான் நிறைந்த வெளியில் வரிசையாகப் பாதி புதைத்து வைத்துவிட்டு, எது எத்தனை மாதத்தில் போகிறது என்று பார்ப்பார்கள். சராசரியாக 120 மாதம் தாண்டினால் முதல் தரம், 60 முதல் 120 வரை இரண்டாம் தரம், 60-க்குக் கீழே மூன்றாம் தரம். நம் நாட்டு மரங்களுக்கு ‘நீடிக்கும்’, ‘நீடிக்காது’ என்று புத்தகங்கள் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

இதைப் படிக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். அங்கே புதைப்பது வைரம் மட்டும். பருமன் 2 அங்குலம் மட்டும். அதே மரத்தில் 5 அங்குல வைரக்கால் அதைவிட அதிக நாள் நிற்கும். 3 அங்குலத்தில் பாதி வெளுப்பாக நீங்கள் நட்டால் அந்தத் தரவரிசை உங்களுக்குப் பொருந்தாது.

தேக்குத் தோட்டத்தில் கலைத்து விட்ட இளங்கழிகளை ‘தேக்குக்கால்’ என்று மலிவாக விற்கிறார்களே, அதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். 7 வருஷத் தேக்குக் கழியைக் குறுக்கே அறுத்தால் நடுவில் எட்டணாக் காசு அளவுதான் நிறம் ஏறியிருக்கிறது. போன வாரம் அறுத்தே பார்த்தேன்.

30 ஆகஸ்ட் 2021

பனை பற்றி. இந்த மாதம் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். எனக்கு நிம்மதி. செங்கல் சூளைக்குப் போன பனைகளை நினைத்தால் வயிறு எரியும்.

விழுந்த பனை கையில் இருந்தால்கூட அதை வேலிக்காலாக நடாதீர்கள். தொல்காப்பியத்திலேயே உள்ளே வயிரம் உள்ளதை மரம் என்றும் வெளியே வயிரம் உள்ளதைப் புல் என்றும் பிரித்திருக்கிறது. பனை அதன்படி புல். கறுத்த நார் வெளிவளையத்தில் இருக்கிறது, நடுவே சோறு. முழுத்துண்டாக நட்டால் தலைவெட்டு வழியாக மழை இறங்கி நடுச்சோறு ஊறி, உள்ளிருந்தே குழல் மாதிரி ஆகிவிடும். பிளந்து, சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, குறுக்குச் சட்டமாகப் போடுங்கள். மண் தொடாத பனஞ்சட்டம் இரண்டு தலைமுறை பார்க்கும். எங்கள் பழைய ஓட்டு வீட்டுக் கூரையில் இருந்த கைமரம் இப்போது ஆட்டுப்பட்டிப் படலாக இருக்கிறது.

12 செப்டம்பர் 2021

ஆச்சா மரம் கிடைக்கிறது, வாங்கலாமா என்ற கேள்விக்கு: கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் வேலிக்கு வேண்டாம். கதவு நிலைக்கு, கட்டுத்தறிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வாசலில் இரண்டு ஆச்சாத் தறிகள் இருக்கின்றன, அப்பாரு (அப்பாவின் அப்பா) போட்டது. அப்பா பிறக்கும்போதே அங்கே இருந்தனவாம். அப்பாவுக்கு இப்போது 78. மாட்டு மூத்திரமும் சாணியும் நித்தம் ஊறுகிற இடம், கயிறு இழுத்து இழுத்துக் கழுத்தில் பள்ளமே விழுந்திருக்கிறது. அடியில் மட்டும் ஒரு விரல் பருமனில் கால்வாசி ஒடுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். துண்டைத் தண்ணீரில் போட்டால் கல் மாதிரி அடியில் போய்விடும். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைவது இந்த மரத்தில்தான், அதுவும் பழைய வீட்டு உத்தரத்தில் காய்ந்து பழுத்த ஆச்சாவைத் தேடி எடுப்பார்கள். புது ஆச்சா கடைந்தால் வெடித்துவிடும் என்று ஒரு வித்வான் எனக்குச் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து ஆச்சாவில் ஆணி அடிக்கக் கை வரவில்லை.

19 செப்டம்பர் 2021

திருத்தம். 10 பிப்ரவரிக் குறிப்பில் ‘உருண்டைக் கால் வேண்டாம்’ என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். சீமைக்கருவேலத்துக்கு அது பொருந்தாது. பிளக்கவே முடியாத அளவுக்கு முறுக்கும் முடிச்சும் உள்ள மரம் அது. ஆனால் சீக்கிரமே வைரம் கட்டுகிறது, காய்ந்தால் அதிகம் சுருங்குவதும் இல்லை. வாய்க்கால் ஓரத்தில் தொடை பருமனுக்கு நிற்பதைத் தூரோடு எடுத்தால் ஒரு மரத்துக்கு இரண்டு நல்ல கால் தேறும். வெட்டிய அன்றே பட்டையை உரித்துவிடுங்கள். பட்டையோடு போட்டு வைத்தால் பத்தே நாளில் வண்டு துளைத்து மாவு கொட்ட ஆரம்பிக்கும். 1870-களில் மெட்ராஸ் மாகாணத்துக்குள் வந்த மரம், நம் கண்மாயெல்லாம் நிறைத்துவிட்டது. எடுத்தே ஆக வேண்டிய மரம் என்பதால் காலுக்கு எடுப்பதில் எனக்குச் சங்கடமே இல்லை. வேலியாக மட்டும் வளர்த்துவிடாதீர்கள்.

வேம்பு: வேலிக்கு வெட்ட எனக்கு மனசு வராது, அதனால் சொல்ல அனுபவம் இல்லை. சவுக்கு: பந்தலுக்கு நட்டுப் பிடுங்க நல்லது. மண்ணில் விட்டால் இரண்டு மழை.

6 ஜனவரி 2022

இந்த இழையை முழுசாகத் திரும்பப் படித்தேன். ஒரு வருஷமாகச் செத்த மரத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். காங்கேயம், மூலனூர், வெள்ளகோவில் சீமையில் இருந்துகொண்டு உயிர்வேலியாக வளரும் முள்மரமான கிளுவையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கண்ணெதிரே இருப்பதால் தோன்றவே இல்லை போல.

எங்கள் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, 5 ஏக்கர். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல், சுற்றிலும் கிளுவை வேலி. வேலியை அப்பாருவின் அப்பா நட்டது என்கிறார்கள். அதில் ஒரு ஆணி இல்லை, கம்பி இல்லை. கோடையில் இலை உதிர்த்து முள்ளும் குச்சியுமாக நிற்கும், பச்சைப் பட்டை காகிதம் மாதிரி உரியும். முதல் மழைக்கு மறுவாரம் மொத்தமும் துளிர்த்துவிடும். இரண்டு பக்கமும் இந்த வேலி ஓடுகிற வழியைத்தான் இட்டேரி என்கிறோம். வேலிப்பருத்தி, கோவை, பிரண்டை எல்லாம் அதில்தான் ஏறும். மே மாதத்து வெயிலில் மாடு ஓட்டிக்கொண்டு இட்டேரியில் நடந்தவருக்கு அந்த வாசம் தெரியும்.

மண்ணில் மக்காத கால் எது என்றால், வேர் விட்ட கால்.

7 ஜனவரி 2022

எப்படி நடுவது என்று உடனே கேட்டுவிட்டார்கள். நான் முதல் தடவை செய்த தப்பைச் சொல்கிறேன். 2014 ஐப்பசியில் நல்ல மழையில் 200 போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) வெட்டினேன், வெட்டிய அன்றே நட்டேன். ஈரம் இருந்தால் வேர் பிடிக்கும் என்று நினைப்பு. தையில் பிடுங்கிப் பார்த்தால் முக்கால்வாசி அடி அழுகி வழவழவென்று இருந்தது.

பக்கத்துக் காட்டு அண்ணன் சொல்லிக் கொடுத்தது வேறு. இலை உதிர்ந்து மரம் தூங்குகிற பங்குனி கடைசியில் வெட்ட வேண்டும். கட்டைவிரலைவிடப் பருமன், 5 அடி நீளம். வெட்டியதை ஒரு வாரம் பத்து நாள் நிழலில் சுவரோரம் சாத்தி வைக்க வேண்டும். வெட்டுமுகத்தில் பால் வடிந்து காய்ந்து தோல் மூடும். அதற்கப்புறம் கடப்பாரையால் ஒரு அடிக்குக் குழி போட்டு, நெருக்கமாக, சாணுக்கு ஒன்று நட வேண்டும். குத்திச் செருகினால் அடிப்பட்டை உரியும், குழி போட்டே வைக்க வேண்டும். கோடை மழை வந்தால் அதுவே துளிர்க்கும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. 2015-ல் அப்படி நட்டதில் பத்துக்கு ஏழு பிடித்தது.

தலைகீழாக நட்டாலும் வருமா என்று கேட்டவருக்கு: செத்த காலை நுனி கீழாக நட்டால் ஈரம் ஏறாது என்று ஊரில் சொல்வார்கள், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. உயிர்ப் போத்தை மட்டும் அப்படி நட்டுவிடாதீர்கள். வேர் வருகிற முனைக்கு எது அடி, எது நுனி என்று தெரியும்.

15 ஜனவரி 2022

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார். அங்கே இப்படி நடுகிற உயிர்க்காலுக்கு ‘கதியால்’ என்று பேராம். பூவரசு, முள்முருக்கு, கிளுவை நட்டு அதில் பனையோலையோ கிடுகோ (முடைந்த தென்னங்கீற்று) வைத்து வேலி அடைப்பார்களாம். நாம் கிளிரிசிடியா என்று சொல்வதை அவர்கள் சீமைக்கிளுவை என்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான பேர்! எங்கள் பக்கத்தில் இதற்குத் தனிச் சொல் இல்லை, இனி நான் கதியால் என்றே சொல்லப் போகிறேன்.

கிளிரிசிடியா கிணறு இருக்கிற தோட்டத்துக்கு நல்லது. 6 அடிப் போத்து ஒரே வருஷத்தில் கை பருமன் ஆகும், தழை உரத்துக்கு வெட்டிக்கொண்டே இருக்கலாம். ஆடு வாடின தழையைத்தான் விரும்பும். மானாவாரிச் சரளையில் கிளுவைக்கு ஈடு கிடையாது.

18 ஜனவரி 2022

கதியாலில் கம்பி அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நேராக யூ ஆணி அடித்தால் நாலு வருஷத்தில் மரம் கம்பியை விழுங்கிவிடும். அப்புறம் கம்பியையும் கழற்ற முடியாது, மரத்தையும் வாளால் அறுக்க முடியாது. ஒரு சாண் பனஞ்சட்டத்தை மரத்தில் இரண்டு ஆணியால் பிடித்து, கம்பியை அந்தச் சட்டத்தில் அடியுங்கள். மரம் பருக்கும்போது ஆணியைத் தளர்த்திக்கொள்ளலாம்.

23 ஜனவரி 2022

முதல் கேள்விக்கு இப்போது வேறு பதில் சொல்கிறேன். 15 வருஷக் கால் உங்களுக்குத் தேவையே இல்லை. நாலு மூலைக்கும் வாசலுக்கும் கல்லுக்கால் போடுங்கள், 6 கல் கட்டுப்படியாகும். இழுவை எல்லாம் மூலையில்தான். நடுவே 10 அடிக்கு ஒன்றாகச் சீமைக்கருவேலம், பட்டை உரித்தது. கம்பி மூன்று வரிசை. கம்பிக்கு உள்பக்கம் ஒரு முழம் தள்ளிக் கிளுவை. ஆடு கடிக்காமல் முதல் இரண்டு வருஷம் கம்பி காக்கும். மரக்கால்கள் ஒடுங்குகிற 6, 7 வருஷத்தில் கிளுவை தோள் உயரம் அடர்ந்திருக்கும். அதற்கப்புறம் கால் சாய்ந்தால் சாயட்டும்.

கல்லுக்கால் கட்டுப்படியாகவில்லை என்று நீங்கள் சொன்னபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். 150 கல்லையும் 6 கல்லையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை.

24 மார்ச் 2024

கேள்வி கேட்டவர் போன ஞாயிறு கூப்பிட்டார், அவர் காட்டுக்குப் போய் வந்தேன். 2022 சித்திரையில் நட்டிருக்கிறார். மேற்கும் தெற்கும் இடுப்புக்கு மேலே அடர்ந்துவிட்டது. ஒரு கரிச்சான் கம்பியை விட்டுவிட்டுக் கிளுவைக் குச்சியில்தான் உட்கார்ந்திருந்தது. வடக்குப் பக்கம், ஓடைத் தண்ணீர் தேங்குகிற களிமண்ணில், கிட்டத்தட்ட 40 அடிக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை. அழுகலேதான். அங்கே மண்ணை ஒரு அடி வரப்பாக உயர்த்தி, வரப்பின் மேல் நடச் சொல்லியிருக்கிறேன். அங்கே இருந்த சீமைக்கருவேலக் கால் ஒன்றை அசைத்துப் பார்த்தேன். மண் மட்டத்தில் கத்தி முனை கால் அங்குலம் இறங்கியது, மற்ற பக்கத்தில் இறங்கவில்லை. ஒரே நாளில் ஒரே மரத்திலிருந்து வந்த கால்கள்.

வடக்குப் பக்கத்துக்கு 150 போத்து வேண்டும் என்றார். எங்கள் கொறங்காட்டில் இட்டேரி ஓரம் நீண்டு போனதை நேற்று வெட்டிக் களத்து வேப்பமரத்தடியில் சாத்தி வைத்திருக்கிறேன். பத்து நாள் கழித்து வண்டி கொண்டு வந்து ஏற்றிக்கொள்ளட்டும்.